தங்கிய வீடும் கிடைத்த பதிலும்: ஒரு முதல் களப்பணியின் நிகழ்வு ஆய்வு

சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஒரு மாணவியின் முதல் களப்பணியைப் பற்றிய பதிவு இது. நான் அவருடைய கைடு. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன். இதில் பெரிய தவறு என்னுடையது என்பதால் அதை மறைக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

பின்னணி

மாணவி மேற்கு மாவட்டம் ஒன்றின் சிறு நகரத்தில் வளர்ந்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். இளங்கலையில் வேறு பாடம் படித்து, முதுகலையில் சமூகவியலுக்கு வந்தார். நெட் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது ஆய்வு உதவித்தொகைக்கான தகுதி, எடுத்திருந்தார். கடுமையான உழைப்பாளி. கேள்வி கேட்கத் தயங்குவார், ஆனால் கேட்டால் நேராகக் கேட்பார்.

அவர் எடுத்த தலைப்பு, காவிரி டெல்டாவில் அறுவடை மிஷின் வந்த பிறகு விவசாயக் கூலிப் பெண்களின் வேலை, கூலி, கடன். நல்ல தலைப்பு. கதிர் அறுப்பும் களத்து வேலையும் மிஷினுக்குப் போனபின் பெண்கள் கையில் மிஞ்சியது நடவும் களையெடுப்பும்தான். ஒரு பக்கம் நூறு நாள் வேலை வந்தது, இன்னொரு பக்கம் வாராவாரம் கட்ட வேண்டிய குழுக்கடன் வந்தது. இவை மூன்றும் ஒரே வீட்டுக்குள் எப்படிப் பின்னிக்கொண்டு கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

2009ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட மாணவர்கள் முதலில் கோர்ஸ்வொர்க் என்கிற வகுப்புப் படிப்பை முடிக்க வேண்டும். அவரும் முடித்தார். மாதிரி எடுப்பது, கேள்விப்பட்டியல் தயாரிப்பது, புள்ளியியல் மென்பொருள் எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். கிராம ஆய்வுகளின் வரலாறும் பாடத்தில் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் தன் மாணவர்களைக் கேள்விப்பட்டியலோடு ஊர்களுக்கு அனுப்பியதிலிருந்து தொடங்குவேன். அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி அந்த ஊர்களில் ஒன்று. அப்புறம் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கம், ராம்புரா என்று அவர் புனைபெயர் வைத்த ஊரில் தங்கியது, அவருடைய மாணவர் ஆந்த்ரே பெத்தேய் 1961, 62ல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து எழுதியது என்று போகும்.

இவர்களுடைய முடிவுகளைத்தான் வகுப்பில் அலசினோம். சாதியும் நிலமும் அதிகாரமும் எங்கே ஒன்றாக இருந்தன, எங்கே பிரிந்தன என்று இரண்டு வாரம் விவாதம் நடந்தது. இவர்கள் எங்கே தங்கினார்கள் என்று ஒரு நாள்கூடப் பேசவில்லை. சீனிவாஸ் தங்கியது ஊர்த் தலைவருக்குச் சொந்தமான, மாடு கட்டும் வீட்டில். பெத்தேய் தங்கியது அக்கிரஹாரத்தில். இருந்த இடம் காரணமாகத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பை நெருங்குவது கடினமாக இருந்ததை இருவருமே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. பாடத்திட்டம் போட்டது நான்.

ஊரும் வீடும்

ஊரைத் தேர்ந்தெடுத்தது மாணவி. நடவில் இன்னும் ஆட்கள் இருக்கிற, மிஷின் முழுதாக வந்துவிட்ட, பெரிய ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிற ஊர் வேண்டும் என்று நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றைச் சொன்னார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான். என்னோடு கல்லூரியில் படித்த ஒருவருக்கு அந்த ஊரில் சொந்தம் இருந்தது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வீடு. முன்கட்டில் தனி அறை, பக்கத்திலேயே குளியலறை, வீட்டில் பெரியவர்கள், பெண்கள். வாடகை வேண்டாம் என்றுவிட்டார்கள். தனியாகப் போகிற 24 வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு ஐந்து மாதமாக ஃபெலோஷிப் பணம் வரவில்லை. கோப்பு ஏதோ ஒரு மேசையில் நின்றுகொண்டிருந்தது. வாடகை கொடுக்கிற நிலையில் அவர் இல்லை.

பத்து நிமிஷம் போனில் பேசி முடித்த விஷயம் இது. கேள்விப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மூன்று முறை உட்கார்ந்து திருத்தினோம்.

அந்த ஊரில் கோயிலைச் சுற்றிக் குடியானத் தெருக்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. இடையில் ஒரு சிறு பாலம். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களில் பெரும்பாலோர் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆய்வே அவர்களைப் பற்றித்தான்.

முதல் பத்து வாரம்

ஆவணியில் போனார். சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்த சமயம். இரண்டாம் நாளே வீட்டுப் பாட்டி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டார். மாணவி சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவர் பட்டியல் சாதி இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா அவரைத் தன் மகளைப்போலப் பார்த்துக்கொண்டார். நடுவில் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, இரவில் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்ததை மாணவி நோட்டில் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

காலனிக்கு முதல் நாள் வீட்டுப் பையன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். "காலேஜ்லேர்ந்து வந்திருக்காங்க, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்று நான்கைந்து வீடுகளில் அறிமுகம் செய்தார். நல்ல மனதோடுதான் செய்தார். மறுநாளிலிருந்து மாணவி தனியாகவே போனார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று அவரும் நினைத்தார், போனில் கேட்ட நானும் நினைத்தேன்.

பத்து வாரத்தில் 74 வீடுகளில் கேள்விப்பட்டியல் நிரம்பியிருந்தது. அதில் 31 வீடுகள் காலனியில். எண்ணிக்கையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வாரம் ஒருமுறை போனில் எத்தனை ஆச்சு என்று கேட்பேன், அவர் சொல்வார், சரி என்று வைப்பேன்.

நோட்டைப் படித்தபோது

தீபாவளி விடுமுறைக்கு வந்தவர் கேள்விப்பட்டியல்களோடு இரண்டு களக்குறிப்பு நோட்டுகளையும் கொண்டுவந்தார். அவருக்கே ஏதோ சரியில்லை என்று பட்டிருந்தது. "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க மேடம்" என்றார். அதுவரை நான் அந்த நோட்டுகளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்து முழுதாகப் படித்தேன்.

காலனி வீடுகளில் நடவுக் கூலியாக எல்லோரும் ஒரே தொகையைச் சொல்லியிருந்தார்கள். அது தங்கியிருந்த வீட்டில் சொன்ன அதே தொகை. கடன் என்ற இடத்தில் பெரும்பாலும் "இல்லை". ஒரு பெண் பதில் சொல்வதற்குப் பதிலாக, "அதான் சின்னய்யா சொல்லியிருப்பாங்களே" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். மாணவி அதை எழுதிவைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் அவரை "பெரிய வீட்டு டீச்சர்" என்று கூப்பிட்டதும் நோட்டில் இருந்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. "தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன்." அடுத்த வாரம் ஒரு பக்கத்தில், "டீ போடவா என்றார், வேண்டாம் என்றேன்." தேடிப் பார்த்தால் ஐந்து வெவ்வேறு நாட்களில் இந்த வரி ஏதாவது ஒரு வடிவத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், நான் வீட்ல சாப்பிட்டுட்டுத்தானே போறேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவரே அமைதியாகிவிட்டார்.

அவர் மனதில் அது மரியாதை. அவர் வளர்ந்த வீட்டில் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆனால் வாய்க்காலைத் தாண்டி வருகிறவர்கள் எவரும் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப்போவதைத் தலைமுறையாகப் பார்த்த ஒரு தெருவில், பெரிய வீட்டிலிருந்து வருகிற ஒரு பெண் செம்பைத் தொடாமல் எழுந்துபோனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தோடு அவர் 31 வீடுகளில் கடனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

அவர் அன்று அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது என் மேலேயே கோபம்.

முன்னால் இருந்த வழிகள்

ஊரையே மாற்றுவது எளிய வழி. புது ஊர், புது வீடு, புதுத் தொடக்கம். ஆனால் 74 வீட்டுக்காரர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்திருந்தார்கள். நடந்தது என்ன என்று புரிந்துகொள்ளாமல் ஊரை விட்டுப் போனால் அடுத்த ஊரிலும் இதுவேதான் நடக்கும் என்று மாணவியே சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது.

அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு காலனியிலிருந்து படித்த பெண் ஒருவரை உதவிக்கு வைத்துக் கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம் என்று துறையில் ஒருவர் யோசனை சொன்னார். அதை ஏற்கவில்லை. பதில் மறுபடியும் பெரிய வீட்டு முன்கட்டு அறைக்குத்தான் வந்து சேரும். கேட்கிற பெண்ணுக்கும் சங்கடம்.

காலனியிலேயே ஒரு வீட்டில் தங்குவதுதான் சரி என்று மாணவி பிடிவாதமாக இருந்தார். இதில்தான் நீண்ட நேரம் வாதாடினோம். அவருடைய ஆர்வம் எனக்குப் புரிந்தது, பிடித்தும் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் பல குடும்பங்கள் பெரிய வீட்டு நிலத்தில் வேலை செய்கிறவை, சில குத்தகைக்கு எடுத்திருக்கிறவை. தங்கள் வீட்டை விட்டுப் போன பெண்ணுக்கு யார் இடம் கொடுத்தார்கள் என்ற கேள்வி அந்தக் குடும்பத்தின் மேல்தான் விழும். மாணவி ஒரு வருஷத்தில் கிளம்பிவிடுவார், அவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும். 1968 டிசம்பரில் கூலித் தகராறு முற்றி 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இதே டெல்டாவில்தான் இருக்கிறது. அந்தக் காலம் இல்லை இது, சரி. ஆனாலும் யாரோ ஒருவருடைய முனைவர் பட்டத்துக்காக இன்னொரு குடும்பம் விலை கொடுக்க நேருமா என்ற கேள்வியை நாங்கள் தள்ளிவைக்க முடியாது என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

முடிவு இதுதான்: நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிறு நகரத்தில் ஒரு அறை எடுப்பது, மினி பஸ்ஸில் தினம் வந்துபோவது. கேள்விப்பட்டியலை முழுதாக நிறுத்திவைப்பது. முதல் இரண்டு மாதம் எதையும் நிரப்பாமல் தெருக்களில் இருப்பது மட்டும். நோட்டில் மூன்று பத்தி பிரிப்பது: கண்ணால் பார்த்தது ஒன்றில், பிறர் சொன்னது ஒன்றில், அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம், யார் கூட இருந்தார்கள் என்பது மூன்றாவதில். மூன்றாவது பத்தியைத்தான் மிக முக்கியமாகச் சொன்னேன். மாதம் ஒருமுறை நோட்டை நான் படிப்பேன் என்று ஒப்புக்கொண்டேன். வாடகைக்குத் துறையில் மூன்று பேர் சேர்ந்து பணம் போட்டோம், ஃபெலோஷிப் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெரிய வீட்டில் சொன்னது

இதை மாணவியிடம் விடாமல் நானே போய்ச் சொன்னேன். அந்த வீட்டை ஏற்பாடு செய்தது நான் என்பதால் விடைபெறுவதும் என் வேலை. உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, எல்லாத் தெருவுக்கும் போக வேண்டிய படிப்பு, ஒரு தெருவின் வீட்டில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாதான், "என்ன குறை வச்சோம் நாங்க?" என்று கேட்டார். எத்தனை விதமாகச் சொன்னாலும் அவருக்கு அது மகள் கோபித்துக்கொண்டு போவதாகத்தான் இருந்தது. மாணவிக்கு அந்த நிமிஷம் எவ்வளவு பாரமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு பல மாதம் அந்த வீட்டு வாசலில் அவர் போய் நின்றால் வாங்க என்பார்கள், பேச்சு வளராது. அந்த வீட்டின் பழைய கணக்கு நோட்டுகளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் இருபது ஆண்டு நடவுக் கூலி இருந்தது. அதை அதன்பிறகு பார்க்க முடியவில்லை. ஆய்வுக்கு அது உண்மையான இழப்பு.

பிறகு நடந்தது

பொங்கல் கழிந்து மறுபடியும் ஊருக்குப் போனார். அறுவடை மிஷின்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தன, பெண்களுக்கு வேலை இல்லாத மாதம். அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில், ரேஷன் கடை வரிசையில், குழுக்கூட்டம் நடக்கிற திண்ணையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்க முடிந்தது.

முதல் வாரமே ஒரு வயதான பெண், அவர் உட்காருவதற்கு முன்பே செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். நீட்டிவிட்டு நின்று பார்த்தாராம். மாணவி வாங்கிக் குடித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் மூன்றாவது பத்தியில், "குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. இரண்டு மாதம் பேச்சு பிள்ளைகள் படிப்பு, மருமகள் சண்டை, பஸ் வராதது என்றேதான் இருந்தது. அவர் கேட்காமலேயே கடன் பேச்சு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தது. குழுப் பணம் வசூலிக்க வருகிற நாள் அது, புரட்ட முடியாதவர்கள் காலையிலேயே உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். அங்கிருந்து நூல் பிடித்துப் போனபோதுதான் முன்பண விஷயம் தெரிந்தது. குழுத் தவணைக்காக நிலக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள், அதற்கு ஈடாக நடவுக்கு வருவதாக ஒப்புக்கொள்கிறார்கள், அப்படி வருகிறவர்களுக்குக் கூலி குறைவு. ஊரெல்லாம் சொல்கிற தொகை முன்பணம் வாங்காதவர்களின் கூலி. மற்றவர்களுக்கு வேறு தொகை. முதல் சுற்றில் இது வெளியே வராதது ஏன் என்று இப்போது யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. முன்பணம் கொடுப்பவர்களில் ஒருவர் வீட்டிலிருந்துதானே அவர் வந்து கேட்டார்!

முன்பணமும் நடவும் எப்படி இணைகிறது என்பதை நேரில் பார்க்க அடுத்த நடவுக் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெல்டாவில் ஒரு நடவுப் பருவத்தைத் தவறவிட்டால் ஆய்வில் ஒரு வருஷம் போய்விடும். புரட்டாசி, ஐப்பசியில் அவர் மறுபடியும் வயல் வரப்பில் இருந்தார். பிறகு அதே 31 வீடுகளில், சம்மதித்தவர்களிடம், பழைய கேள்விப்பட்டியலை மீண்டும் கேட்டார். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கூலியும் கடனும் மாறியிருந்தன.

டாக்டோரல் கமிட்டியில்

முதல் சுற்றுப் பதில்களை என்ன செய்வது என்பதில், ஆய்வை மேற்பார்க்கிற இந்தக் கமிட்டியில் கருத்து வேறுபாடு வந்தது. தவறான தகவல், தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மட்டும் எழுதுங்கள் என்றார் ஒரு உறுப்பினர். அத்தோடு வீடுகளின் எண்ணிக்கை போதாது, இன்னொரு ஊரையும் சேருங்கள் என்றார். அவர் கவலை நேர்மையானது, நாளை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைத்தான் கேட்பார்கள்.

மாணவி தூக்கிப் போட மறுத்தார். ஒரே வீடு இரண்டு முறை இரண்டு விதமாகப் பதில் சொன்னதுதான் தன்னிடம் இருக்கிற மிக முக்கியமான தகவல், யாரிடம் எதை மறைக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த ஊரின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது என்றார். கேள்வி கேட்கத் தயங்கிய அதே மாணவி. அந்த அறையில் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த நிறைவை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு சுற்றுகளையும் அருகருகே வைத்து ஒரு இயல் எழுத ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவது ஊர் கைவிடப்பட்டது.

ஆய்வேடு திட்டமிட்டதைவிடச் சிறியது, ஒன்றேகால் வருஷம் தாமதம். கடைசி மாதங்களில் ஃபெலோஷிப் முடிந்துபோய் டியூஷன் எடுத்துச் சமாளித்தார். வைவாவில் வெளித்தேர்வாளர் பெரும்பாலும் அந்த ஒரு இயலைப் பற்றித்தான் கேட்டார். பட்டம் கிடைத்தது. இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார். நிரந்தர வேலை இன்னும் இல்லை.

மாற்றிக்கொண்டவை

எங்கள் துறையில் இப்போது களத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் தங்கப்போகிற வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். வீடு யாருடையது, எந்தத் தெரு, யார் மூலம் கிடைத்தது, அந்த வீட்டோடு பணம் அல்லது நிலத் தொடர்பு உள்ளவர்கள் ஆய்வில் வருகிறார்களா என்று. கேள்விப்பட்டியலுக்கு முன்பே அதைப் பார்க்கிறோம். தங்கும் வீட்டுக்காரர்களிடம், எந்த நேரத்திலும் வேறு இடம் மாற வேண்டியிருக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடச் சொல்கிறேன். அன்றே சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் மனம் அவ்வளவு நொந்திருக்காது.

சீனிவாஸ், பெத்தேய் பற்றிய வகுப்பில் முதல் வாரம் முழுக்க அவர்கள் தங்கிய இடம், சேர்ந்து சாப்பிட்டவர்கள், போக முடியாத தெருக்கள் பற்றித்தான். இந்த மாணவியையே வரவழைத்து ஒரு வகுப்பு எடுக்கச் சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம் என்று எழுதிய பக்கங்களை ஊர் தெரியாதபடி செய்து அவரே படித்துக் காட்டுகிறார்.

மாதம் ஒருமுறை நோட்டைப் படிப்பதை எல்லா மாணவர்களுக்கும் வைத்திருக்கிறேன். நேரம் பிடிக்கிற வேலைதான், சில மாதங்களில் தவறிவிடுகிறது. பணம் தாமதமாவதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. வாடகை கொடுக்க முடியாத மாணவர் யார் இலவசமாக இடம் கொடுக்கிறாரோ அங்கேதான் தங்குவார், கிராமத்தில் இலவசமாக இடம் கொடுக்கக்கூடியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. இதை எழுத்தில் பல முறை கொடுத்திருக்கிறேன், இன்னும் கொடுப்பேன். அதுவரை மூன்று பேர் போட்ட அந்தப் பணத்தை ஒரு சிறு நிதியாக வைத்து, களத்துக்குப் போகிறவர்களுக்கு முதல் மூன்று மாத வாடகையாகக் கொடுத்து வாங்குகிறோம்.

மாணவி ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் எட்டுப் பக்கமாக எழுதி, யார் பெயரும் தெரியாதபடி, காலனியில் படித்துக் காட்டினார். பெரிய வீட்டிலும் ஒரு பிரதி கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு, கடைசி மினி பஸ்ஸில் திரும்பினார்.